மூல ஓலையும் படி ஓலையும்

சைவ ஆராய்ச்சிக்குத் துணையாகச் சென்னைப் பல்கலைக் கழகம் வெளியிட்ட நூல்கள் பல. ஸ்ரீகண்டரின் சிவாத்வைதம் பற்றி எஸ். எஸ். சூரியநாராயண சாஸ்திரியார் எழுதிய நூல் 1930-இலும், தென்னாட்டுச் சைவத்தின் தோற்றமும் முற்கால வரலாறும் பற்றிச் சி. வி. நாராயண ஐயர் எழுதியது 1936-இலும், சிவஞான சித்தியாரை அறுவருரை கொண்டு வி. ஏ. தேவசேனாபதி ஆராய்ந்தது 1960-இலும் வெளிவந்தன. இத்தகைய நூல்களையும், அவை தோன்றுதற்கு ஏதுவாயிருந்த அலுவற் குறிப்புக்களையும் ஆவணக் காப்பகத்தில் வைத்துப் போற்றல் வேண்டுமென்பதை மறுப்பார் இலர். ஆயினும், திருந்திய பதிப்பு வந்தபின் முதற்பதிப்பு வேண்டா, மின்னுருவம் எடுத்தபின் தாட்படி வேண்டா என்னும் கொள்கையொன்று பரவிநிற்கின்றது. அஃது ஆராயத்தக்கது.

நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றை அக்கழகம் 1935, 1937-ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டது. திருந்திய பதிப்பு 1955-இல் வந்தது. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் முதற்பகுதியை அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1949-இல் வெளியிட்டது. பண்டாரத்தார் அந்நாளிற் கண்டிருக்கக்கூடியது முதற்பதிப்பே. அவர் உடன்பட்டதையும் மாறுபட்டதையும் 1955-ஆம் ஆண்டுப் பதிப்பொடு வைத்து நோக்குவோன், அவர் கூறாத பிழையை அவர்மேல் ஏற்றுவான். அற்றேல், திருந்தியது முந்தியதினும் சிறந்ததன்றோ எனின், சிறந்ததே. சிறப்பு வேறு, சான்று வேறு என்க.

இவ்வேறுபாடு சைவர்க்குப் புதிதன்று. நம்பியாரூரர் கிழித்தெறிந்தது படி ஓலை. வழக்கைத் தீர்த்தது திருவெண்ணெய்நல்லூர் அவையிற் காட்டப்பெற்ற மூல ஓலை. அதனையும் அவையோர் கண்டவளவில் ஏற்றிலர். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர் என்பது பெரிய புராணம். வழக்கிற்குத் தொடர்பில்லாத அவ்வோலையை முன்பே எவரும் பயனிலதென்று எறிந்திருப்பின் ஒப்புநோக்க யாதுளது?

அலுவற் குறிப்புக்களின் பயனும் இதுவே. தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, பின் அனுபந்தமும் பெற்றது. ஒரு சொற்குக் கொள்ளப்பட்ட பொருளை அச்சிட்ட பக்கம் காட்டும். விடப்பட்ட பொருளையும் விட்ட காரணத்தையும் காட்டாது. அவற்றை அகராதிப் பணியிற் பிறந்த சீட்டுக்களிலும் கடிதங்களிலுமே தேடல் வேண்டும். சிவஞான சித்தியார் பரபக்கம் 14 கொள்கைகளை மறுப்பதற்குமுன் ஒவ்வொன்றையும் முறையாக எடுத்துரைக்கின்றது. மறுக்கப்பட்டனவென்று அவற்றை ஏட்டினின்றும் எவரும் களைந்திலர். உலகாயதன் கூற்றையும் எழுதிக் காத்த மரபினர், தம் காலத்துப் புலவர் விட்ட கருத்தைக் குப்பையென்று கழித்தல் பொருந்துமோ?

மின்னுருவம் வேண்டாவென்பதன்று. அக்காலத்து மரக்கூழ்த் தாள்களுட் பல, தம்பாலுள்ள அமிலத்தாற் பழுத்து ஒடிவன. அடிக்கடி புரட்டாமற் படியைப் பயன்படுத்துவதே முறை. ஆனால் படி எடுப்போர் பிழைதிருத்தத் தாளையும், மேலட்டையின் உட்புறத்தையும், ஓரத்திற் கையால் எழுதிய குறிப்பையும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். மறுகட்டடம் செய்வோரோ ஓரத்தை வெட்டியே தள்ளுகின்றனர். நூலைக் கட்டடத்திற்கு அனுப்புமுன் காப்பாளர் அவ்வோரங்களைப் பார்த்து, குறிப்புளதாயின் வெட்டாமற் கட்டுமாறு எழுதிக் கொடுத்தல் வேண்டும்.