காதால் பார்த்த சண்டை

முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது ஒரு வசனம்கூட எனக்குப் புரியவில்லை. நண்பர் கொடுத்த டிவிடியில் சப்டைட்டில் வரவே மாட்டேன் என்றது. சீன மொழியில் 'ஆமாம்', 'இல்லை'கூடத் தெரியாதவன், இரண்டு மணி நேரம் இடத்தை விட்டு அசையவில்லை. சில மாதம் கழித்து நல்ல பிரதி கிடைத்து, எல்லாம் புரிந்து பார்த்தேன். ருசி ஒரு படி இறங்கித்தான் போனது.

ஜாங் யிமோ 2004இல் எடுத்த 'ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டாகர்ஸ்'தான் அந்தப் படம். கி.பி. 859, தாங் வம்சம் ஆட்டம் கண்டுவிட்ட காலம். 'பறக்கும் குறுவாள்கள்' என்ற கலகக் கூட்டத்தைப் பிடிக்க லியோ, ஜின் என்று இரண்டு அதிகாரிகள் வலை விரிக்கிறார்கள். கேளிக்கை விடுதியில் ஆடும் கண் தெரியாத பெண் மே, செத்துப்போன பழைய தலைவரின் மகளாக இருக்கலாம் என்று சந்தேகம். ஜின் அவளைச் சிறையிலிருந்து மீட்பவன்போல் நடித்து, கூட்டத்தின் இருப்பிடம்வரை கூடவே போக வேண்டும். போகிற வழியில் காதல் வந்துவிடுகிறது. இவ்வளவுதான் கதை, மிச்சமெல்லாம் திருப்பங்கள். கண் தெரியாதவளுக்குக் கண் தெரியும். மகள் மகளே இல்லை. அதிகாரியும் எதிரிகளின் ஆள். மூன்றாவது திருப்பத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. (இருபது வருடத்துக்கு முந்தைய படம், ரகசியத்தைப் போட்டு உடைத்ததற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

இந்தக் கதை நூல் எவ்வளவு மெல்லிசானாலும் அதில் கோத்த மணிகள் அப்படியில்லை. முதல் மணியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம்.

விடுதியின் கூடம். சுற்றிலும் சட்டங்களில் நிறுத்திய முரசுகள், நடுவில் மே. லியோவின் முன்னால் ஒரு கிண்ணம் நிறைய பயறு. ஒன்றை எடுத்துச் சுண்டுகிறார். அது ஒரு முரசின் தோலில் பட்டு 'டப்' என்கிறது. எந்த முரசு என்று அவள் காதாலேயே பிடித்து, தன் நீண்ட சட்டைக் கையை வீசி அதே தோலில் அடிக்க வேண்டும். அடிக்கிறாள். அடுத்த பயறு ஒரு முரசில் பட்டு, இன்னொன்றுக்குத் தெறித்து, மூன்றாவதுக்குப் போகிறது. அதே வரிசை மாறாமல் கை துரத்துகிறது. கடைசியில் லியோ கிண்ணத்தில் இருந்ததை மொத்தமாக வாரி இறைத்துவிடுகிறார். கூடம் முழுக்கச் சடசடவென்று மழை.

தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்புக்கு இறங்கும் நேரம் நினைவிருக்கிறதா? ஒருவர் ஒரு சொற்கட்டை வைப்பார், மற்றவர் அதையே திருப்பித் தருவார். 'இதைப் பிடி பார்க்கலாம்' என்ற சவாலும் 'பிடித்துவிட்டேன், அடுத்தது என்ன?' என்ற சிரிப்பும் மாறி மாறி வரும். இந்தக் காட்சியின் லயிப்பு அதே ஜாதி. பயறு பறக்கும்போது கேமராவும் கூடவே பறக்கிறது. நாம் கண்ணால் பார்ப்பதை அவள் காதால் பார்க்கிறாள் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லியாகிவிட்டது. கடைசி முரசு அடங்குவதற்குள் அந்தச் சட்டைக் கை நீண்டு லியோவின் வாளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டம் எங்கே முடிந்தது, சண்டை எங்கே தொடங்கியது என்று பத்து முறை பார்த்தும் என்னால் கோடு போட முடியவில்லை. நீண்ட கைகளை வீசி ஆடுவது சீன நாடக மரபில் பழைய வித்தை. அதை வாள்சண்டைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சண்டை இயக்குநர் சிங் ஸியு-துங். ஆடைகளை வடிவமைத்தவர் எமி வாடா, குரோசாவாவின் 'ரான்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். துணி இங்கே ஒரு பாத்திரமாகவே நடிக்கிறது.

மூங்கில் காட்டுச் சண்டை அடுத்தது. மூங்கில்மேல் சண்டை போடுவது புதிதல்ல. கிங் ஹூ 1971இலேயே 'எ டச் ஆஃப் ஸென்' படத்தில் வழி காட்டிவிட்டார். ஆங் லீயின் 'க்ரவுச்சிங் டைகர்' 2000இல் அதைக் கனவாக்கியது. ஜாங் அதை ஓசையாக்குகிறார். சிப்பாய்கள் தரையில் கால் வைப்பதே இல்லை, தலைக்கு மேலே மரம் விட்டு மரம் தாவுகிறார்கள். மூங்கில் வளையும்போது ஒரு முனகல், வெட்டும்போது ஒரு நறுக், ஈட்டியாக இறங்கும்போது ஒரு விசில். ஓடுகிற ஜின், மே இருவரைச் சுற்றியும் ஈட்டிகள் குத்தி நின்று கடைசியில் கூண்டாகிவிடுகின்றன. திரை முழுக்கப் பச்சை: ஆடை, இலை, தண்டு எல்லாமே பச்சை. ஒரே நிறத்துக்குள் இத்தனை ஆழம் காட்ட ஒளிப்பதிவாளர் ஜாவ் ஷியாவ்டிங்குக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்கர் பரிந்துரை சும்மா வரவில்லை. ஜாங் யிமோவே 'எல்லோ எர்த்' போன்ற படங்களுக்குக் கேமரா பிடித்துவிட்டு இயக்கத்துக்கு வந்தவர். அவருக்குக் கண்தான் முதலில் யோசிக்கும், கதை பின்னால் மெதுவாக வரும்.

அந்தக் கதையில் ஓட்டைகளும் உண்டு. பறக்கும் குறுவாள்களின் தலைவியின் முகம் கடைசிவரை தெரியாது. எனக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது, காரணம் தெரியும்வரை. அந்த வேடம் ஹாங்காங் நட்சத்திரம் அனிதா முய்க்கென்று வைத்திருந்தது. புற்றுநோயில் அவர் 2003 டிசம்பரில் இறந்துபோனார். அவர் இடத்தில் வேறொருவரை நிறுத்த ஜாங்குக்கு மனம் வரவில்லை. திரைக்கதையை மாற்றிக்கொண்டு, படத்தையும் அவருக்கே காணிக்கையாக்கினார். அந்த ஓட்டையை இப்போது நான் குறை சொல்வதில்லை.

மற்றதற்கெல்லாம் சாக்கு இல்லை. முடிவில் அரசுப் படை புதருக்குள் பதுங்கிப் பதுங்கி முன்னேறுகிறது. அப்புறம்? யார் ஜெயித்தார்கள்? இயக்குநர் அவர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். 'நான் காற்று மாதிரி' என்று ஜின் சொல்லும் காதல் வசனங்களை, சப்டைட்டில் இல்லாமல் கேட்டவன் பாக்கியசாலி. நெஞ்சில் குறுவாள் பாய்ந்து விழுந்த மே, நமக்கே அவளை மறந்துபோன நேரத்தில் எழுந்து நிற்கிறாள். நம்பவும் முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

ஜின்னும் லியோவும் மோதும் அந்தக் கடைசிச் சண்டைக்கு இயற்கையே வந்து கைகொடுத்தது. உக்ரைனில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது அக்டோபரிலேயே பனி கொட்டிவிட்டது, மரத்தில் இலைகூட உதிராத நேரத்தில். வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். ஜாங் காட்சியைப் பனிக்குள் எழுதிக்கொண்டார். இலையுதிர்காலத்து வெயிலில் வாளை உருவிய இரண்டு ஆண்கள் பனிக்காலத்தில் ரத்தம் சிந்துகிறார்கள். கதையை மட்டும் கவனிப்பவர்களுக்கு இது அபத்தம். எனக்கோ இரண்டு பேரும் மாதக்கணக்கில் வெட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. ஜின்னைக் காப்பாற்ற மே தன் நெஞ்சில் இருக்கும் குறுவாளையே பிடுங்கி வீசுகிறாள், லியோவின் குறுவாளை நடுவழியில் தடுக்க. லியோவோ வீசவே இல்லை. அவள் வீச்சில் பட்டது லியோவின் கத்தியிலிருந்து தெறித்த ஒரு ரத்தத் துளி. பயறில் தொடங்கிய குறி, துளியில் வந்து முடிகிறது. கதையில் இல்லாத கச்சிதம் இதில் இருக்கிறது.

இதுவரை பார்க்காதவர்கள், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நல்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாருங்கள். 'இவன் யாரு, எதுக்கு இப்படிப் பண்றான்?' என்று கேட்கிறவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் முதல் தடவை சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள்.