அச்சுப் பாணித் தாள்: ஒரு மதிப்பீடு

ஓர் இணையப் பக்கம் திரையில் ஒரு விதமாகவும் தாளில் வேறு விதமாகவும் அமைய வழிசெய்வது அச்சுப் பாணித் தாள். 1998 மே மாதம் வெளியான சிஎஸ்எஸ் 2 பரிந்துரையிலேயே இதற்கு இடமுண்டு. தேடற்பெட்டி, பக்கப்பட்டி, விளம்பரம் ஆகியவற்றை அச்சில் மறைப்பது எளிது. வடிவமைப்பாளர் பலர் அத்தோடு நின்றுவிடுகின்றனர்.

சிக்கல் இணைப்புகளில் உள்ளது. தாளில் அடிக்கோடிட்ட சொல்லைச் சொடுக்க முடியாது. வீட்டில் இணைய வசதியின்றி அச்சுப்படியை மட்டும் வைத்துப் படிக்கும் மாணவருக்கு அது வெறும் கோடுதான். ஒவ்வொரு இணைப்பின் பின்னும் அதன் முகவரியை அச்சிடும் உத்தியை எரிக் மேயர் 2002இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. நல்ல உத்திதான். ஆனால் இணைப்புகள் மலிந்த கட்டுரையில் வாசிப்பே குலைகிறது. தமிழ் முகவரிகளில் நிலைமை இன்னும் மோசம். அவை பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகளாக மாற்றி எழுதப்படுவதால், 'தமிழ்' என்னும் ஒரு சொல்லே 45 குறிகளாக நீளும். அதைப் பார்த்து யார் தட்டச்சு செய்வார்? தளத்தின் உள்ளிணைப்புகளை விட்டுவிட்டு, வெளியிணைப்புகளுக்கு மட்டும் முகவரி அச்சிடுவதே பொருத்தம். அதற்கு ஒரே ஒரு விதி போதும்.

குறை வடிவமைப்பாளருடையது மட்டுமன்று. தாளின் ஓரத்தில் தலைப்பையும் பக்க எண்ணையும் பாணித் தாள் வழியாகவே அமைக்கும் வசதி குரோம் உலாவிக்கு 2024இல்தான் வந்தது.