இரண்டு பன்னுக்கு நடுவே

நல்ல பர்கர் எது என்ற கேள்விக்கு உணவு விமர்சகர்களிடம் தெளிவான பதில் உண்டு. கறியைக் கொரகொரப்பாகக் கொத்த வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்க வேண்டும். மாவு பிசைவதுபோலப் பிசையக் கூடாது. பழுக்கக் காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு மேற்பரப்பைச் சிவக்க விட வேண்டும். வாசனை அந்தச் சிவப்பில்தான் பிறக்கிறது. பன்னின் வெட்டிய பக்கத்தை வெண்ணெய் தடவி வாட்டினால் கறிச்சாறு இறங்கி ஊறிப்போகாது. கொழுப்பின் திகட்டலுக்குப் புளித்த வெள்ளரி. நடுவில் வைக்கும் அந்த வட்டத்தைத் தமிழில் எழுதினால் ‘பாட்டி’ ஆகிவிடுகிறது என்பதால் நான் கட்லெட் என்றே சொல்கிறேன். பேக்கரிகளிலும் அதுதான் பெயர்.

இந்த அளவுகோலில் நமக்குத் தெரிந்த மூன்று பெரிய கடைகளை நிறுத்திப் பார்க்கலாம். கேஎஃப்சியின் ஜிங்கரில் கொத்துக்கறியே இல்லை. முழுத் துண்டுக் கோழியை மாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். கல்லின் சிவப்பு செய்ய வேண்டிய வேலையை மொறுமொறுப்பு செய்துவிடுகிறது. மெக்டொனால்ட்ஸின் ஆலு டிக்கி உருளைக்கிழங்கும் பட்டாணியும் கலந்தது. மெத்தென்ற பன்னுக்குள் மெத்தென்ற கிழங்கு, இரண்டு கடிக்குப் பிறகு பல்லுக்கு வேலையில்லை. ஆனாலும் அந்த மசாலா நம் நாக்குக்குப் பழகியது. பர்கர் கிங்கின் வொப்பரில் பச்சை வெங்காயமும் தக்காளியும் தாராளம், கையில் பிடித்தால் வழுக்கும். சுவை மட்டும் கேட்டால் ஜிங்கர் என்பேன்.

சுவையோடு நின்றுவிடும் விமர்சனம், அடுப்பருகே நிற்பது யார், மேசையில் உட்கார்ந்து உண்பது யார் என்று கேட்பதில்லை. பர்கரின் வரலாற்றில் பெண் நுழைவதும் வெளியேற்றப்படுவதும் வணிகத்தின் தேவைக்கேற்பவே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பர்கர் கூலித் தொழிலாளியின் மலிவான தீனி என்று பார்க்கப்பட்ட காலத்தில், ஒயிட் காசில் நிறுவனம் 1932இல் ஒரு பெண்ணை நியமித்தது. ‘ஜூலியா ஜாய்ஸ்’ என்ற புனைபெயரில் அவர் மாதர் சங்கங்களுக்குப் போய், நடுத்தரக் குடும்பப் பெண்களிடம் இது நம்பி வாங்கக்கூடிய உணவு என்று எடுத்துச் சொன்னார். 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் இதற்கு நேரெதிராக நடந்தார்கள். கடையைச் சில மாதம் மூடி, கார்களுக்கே உணவு கொண்டுபோய்க் கொடுத்துவந்த பரிமாறும் பெண்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். பெண்கள் இருந்தால் பையன்கள் வந்து சுற்றுவார்கள், குடும்பங்கள் வராது என்பது அவர்கள் கணக்கு. பின்னால் அந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுபோன ரே கிராக்கும் 1960களின் பிற்பகுதிவரை கடைக்குள் பெண்களை வேலைக்கு வைக்க விரும்பவில்லை.

அந்தச் சகோதரர்கள் புதிய சமையலறையைத் திட்டமிட்ட விதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டென்னிஸ் மைதானத்தில் சுண்ணக்கட்டியால் அடுப்பையும் மேசையையும் வரைந்து, வேலையாட்களை அதற்குள் நடக்கவிட்டு, ஒரு காலடிகூட வீணாகாதபடி கோடுகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். கார்த் தொழிற்சாலையின் வரிசை சமையலறைக்குள் வந்தது அப்படித்தான். பர்கரைத் ‘துரித உணவு’ என்கிறோம். அந்தத் துரிதம் உண்பவரின் அவசரத்தில் பிறந்ததல்ல. செய்பவரின் கையை நொடிக்கணக்கில் அளந்ததில் பிறந்தது.

நொடிக்கணக்கு என்றால் என்னவென்று மணிமங்கலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பல்லவ நரசிம்மவர்மன் புலிகேசியின் படையை முறியடித்த களம் என்று வரலாற்றுப் பாடத்தில் வரும் இந்த ஊர், இன்று ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் கம்பெனி பஸ்களின் நேரத்துக்கு எழுந்து உறங்குகிறது. வரிசையில் நின்று வேலை செய்யும் இளம்பெண்கள் பலருக்கு, அன்றைக்கு என்ன சாப்பிடுவது என்பதுகூட அவர்கள் கையில் இல்லை. விடுதியும் கேண்டீனும் முடிவு செய்கின்றன.

2021 டிசம்பரை நாம் மறக்கக் கூடாது. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களின் தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அரசு விடுதி திறக்கப்பட்டதை அந்த இரவிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. தட்டில் என்ன விழுகிறது என்று கேட்டே பெண்கள் நெடுஞ்சாலைக்கு வந்தார்கள்.

இந்தப் பின்னணியில், சம்பள நாளில் மூன்று தோழிகள் பஸ் ஏறிப்போய் பர்கர் வாங்குவதை மேல்நாட்டு மோகம் என்று ஏளனம் செய்யும் மேடைப் பேச்சுகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. அங்கே அவர்களுக்குக் கிடைப்பதை எண்ணிப் பாருங்கள். பெயர்ப் பலகையைப் படித்துத் தானே தேர்ந்தெடுக்கும் உணவு. யாருக்கும் முதலில் பரிமாற வேண்டாத ஒரு வேளை. சுவரைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்காரும் நாற்காலி. தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை. கடைசியாகச் சொன்னதற்காகவே விலையில் பாதி கொடுக்கலாம்.

ஆனால் அந்தத் தேர்வுக்கும் ஒரு வேலி இருக்கிறது, அது சாதி போட்ட வேலி. பர்கரின் மூலக் கறி மாட்டிறைச்சி. 1996இல் டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் முதல் கடையைத் திறந்தபோது மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் இல்லை. ஆட்டுக்கறியில் செய்த பர்கருக்கு ‘மகாராஜா’ என்று பெயர். சமையலறை சைவம், அசைவம் என்று பிரிக்கப்பட்டது. சைவப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பச்சை ஏப்ரன். பந்தியில் நாம் பார்த்துவந்த பிரிவினை துருப்பிடிக்காத எஃகில் மறுபடி செய்யப்பட்டது. மாட்டுக்கறி உண்ணும் தலித், இஸ்லாமிய, கிறித்தவ வீட்டுப் பெண் அந்தப் பளபளப்பான கடைக்குள் நுழையலாம், அவள் வீட்டு உணவு நுழையாது. இதில் பன்னாட்டு நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டு பிரியாணிக்கு இடம் இல்லை என்றது நம் மாவட்ட நிர்வாகம்தான். அது பாகுபாடு என்று சொல்ல மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் தலையிட வேண்டியிருந்தது.

மீதி இருப்பது பேக்கரி பர்கர். கண்ணாடிப் பெட்டியில் காலையிலிருந்து இருக்கும் கட்லெட்டை, பன்னைக் கீறி முட்டைக்கோஸோடு செருகித் தருகிறார்கள். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் அரசு ஓராண்டுத் தடை விதித்தது சரியான முடிவு. நம் வெயிலில் அது விரைவாகக் கெடும். விமர்சகரின் அளவுகோலில் இந்த பர்கர் தேறாது: பன் இனிக்கும், கட்லெட் உதிரும். விலை மட்டும் கைக்கு எட்டும். ஆனால் பேக்கரி வாசலில் டீ கிளாஸோடு நிற்கும் ஆண்களைத் தாண்டி வாங்கிப் பார்சலாகவே எடுத்துப் போகிறாள் ஷிஃப்ட் முடிந்து வந்த பெண். உள்ளே நாலு பெஞ்சு போட இடம் இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.