லோட்டே லேன்யாவின் குரல்

லோட்டே லேன்யாவின் கரகரத்த குரலைப் 'பிறவிக் குரல்' என்கிறார்கள். அது 1950களின் குரல். 1898ல் வியன்னாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாகச் சர்க்கஸ் கயிற்றில் நடந்து, ஜூரிக்கில் பாலே பயின்று, துண்டு வேஷங்கள் போட்டு, பெர்லின் வந்தவர் அவர். 1928ல் ப்ரெக்ட் எழுதி கர்ட் வைல் இசையமைத்த 'மூன்று காசு ஆபெரா'வில் ஜென்னி. முதல் நாள் நிகழ்ச்சித்தாளில் அவர் பெயரே விட்டுப்போயிற்று. அக்காலத்து இசைத்தட்டுகளில் கேட்பது மெல்லிய, உச்சஸ்தாயிக் குரல். ஏறக்குறையக் குழந்தைக் குரல். 1954ல் நியூயார்க்கில் மீண்டும் ஜென்னி, தாழ்ந்துவிட்ட குரலில். இரண்டு குரலிலும் ஜென்னி நின்றாள் என்றால், கலையைத் தொண்டையில் தேடிப் பயனில்லை. ஸ்வரக்குறிப்பு படிக்கத் தெரியாத லேன்யா, பாட்டின் ஒவ்வொரு வார்த்தையையும் நடிகையாக எடைபோட்டு இறக்கிவைத்தார். அதைப் பிறவி வரம் என்று புகழ்வது, உழைத்தவர் பெயரை இன்னொருமுறை அச்சில் விட்டுவிடுவதுதான்.