ரங்கசாமியின் சீருடை

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) படத்தின் கடைசிக் காட்சியை வைத்துப் போடியில் நண்பர்களோடு சண்டை போட வேண்டியதாயிற்று. ஏலக்காய் மூட்டை சுமந்து மலையிறங்கிய ரங்கசாமி, கொஞ்ச நிலத்துக்குச் சொந்தக்காரனாகி, அதையும் இழந்து, அங்கே எழும்பிய காற்றாலைக்குச் சீருடை போட்ட வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறான். ‘தொழில் மாறுது, ஆளும் மாறிக்கிட்டான், இதுல என்னங்க சோகம்?’ என்றார் ஒருவர்.

பயிற்சி வகுப்புகளின் மொழி இது. தகவமைத்துக்கொள், தாக்குப்பிடி, புதுத் திறன் கற்றுக்கொள். மாற்றத்துக்கான செலவை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி இந்தச் சொல்லாடலுக்குள் நுழையவே முடியாது.

இந்தச் சரிவுக்கு மாற்றம் புதுசு இல்லை. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்த காலம் உண்டு. அதற்காகக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளம், 1908இல் சிறு ரயில். 1924 வெள்ளம் ரயிலைக் கொண்டுபோனது, திரும்பப் போடவில்லை. கம்பெனி வேறு பாதை பார்த்துக்கொண்டது. மாட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள் என்பது நான் படித்த வரலாறுகளில் இல்லை. 2007இல் ஏலக்காய்க்குக் கணினி ஏலம் வந்தது. குரல் கொடுத்து ஏலம் கேட்ட வியாபாரி பொத்தானை அழுத்தப் பழகிக்கொண்டார். பழகும்வரை தாங்க அவரிடம் முதல் இருந்தது.

சுமைகாரனிடம் என்ன இருந்தது? எந்தத் திருப்பத்தில் கால் வழுக்கும், எங்கே மூட்டையை இறக்கி மூச்சு வாங்கலாம் என்ற அறிவு. உடம்பில் சேர்ந்த அறிவு. ரோடு வந்த அன்றைக்கே அது செல்லாக்காசு. மூட்டை உருண்டு காய் பள்ளத்தில் சிதறும் காட்சியில் இதைப் படம் வசனமில்லாமலே சொல்லிவிடுகிறது.

கடைசியில்தான் எனக்குப் பிணக்கு. காமிரா மேலெழுந்து விலக விலக ரங்கசாமி புள்ளியாகிறான், காற்றாலைகள் நிறைகின்றன. அழகுதான். ஆனால் விதையும் உரமும் கடனாகக் கொடுத்து நிலத்தை வளைத்த கையை அதுவரை காட்டிய படம், இந்த உயரத்திலிருந்து அதை விதியாக்கிவிடுகிறது. ஆட்களின் முகம் தெரியாத உயரம் அது.

சாக்கோவின் சங்கத்தைப் படம் கொச்சைப்படுத்துகிறது என்று தோழர்கள் சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தாக்குப்பிடிப்பது ஊர்க்காரியமாக இருந்த ஒரே இடம் சங்கம்தான். உள்ளிருந்தே அது விலைபோனதும், ரங்கசாமி ஜெயிலுக்குப் போனதும், பாரம் ஒற்றை வீட்டின் தலையில் விழுகிறது. இதைச் சொன்னதற்காகவா கோபம்?

கோபப்பட வேறு காரணம் இருக்கிறது. அவன் உள்ளே கிடந்த காலத்தில் பிள்ளையையும் காட்டையும் கடனையும் தூக்கிக்கொண்டு நின்றவள் ஈஸ்வரி. ரங்கசாமியின் மலைப்பாதைக்கு அவ்வளவு நேரம் கொடுத்த படம், அவளுடைய அந்த வருஷங்களை அவசரமாகத் தாண்டிவிடுகிறது. கடன்காரனிடம் அவள் என்ன பேசியிருப்பாள், கூலிக்கு எந்தத் தோட்டத்தில் நின்றிருப்பாள்? அந்தப் படத்தை இனிமேல்தான் யாராவது எடுக்க வேண்டும்.