ஏழு நிலைக் கோபுரமும் ஒரு சூரியனும்: ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது?

வருஷா வருஷம் மார்ச்சிலும் செப்டம்பரிலும் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிச்சிடும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கிழக்குக் கோபுரம். நடு ஜன்னலில் செக்கச்செவேல்னு மறையும் சூரியன். கூடவே ஒரு வரி: "இந்த ஒரு நாள் மட்டும்தான்!" படம் அழகு. அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

முதலில், படம் சரியாகச் சொல்வதைப் பார்ப்போம். சம பகலிரவு நாளில் சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. திருவனந்தபுரம் இருப்பது சுமார் 8.5 டிகிரி வடக்கில். அங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே இறங்கும். அதனால்தான் ஜன்னல் ஜன்னலாகப் படியிறங்க முடிகிறது. இதே கோபுரத்தை லண்டனில் கட்டினால் இது நடக்காது. அங்கே சூரியன் 40 டிகிரிக்கும் குறைவான சாய்வில் வழுக்கிக்கொண்டு போய், கோபுரத்தை விட்டே விலகிடும்.

இனி, படம் சொல்லாதது. அந்த நாட்களில் சூரியன் மறையும் இடம் தினமும் சுமார் 0.4 டிகிரிதான் நகரும். சூரியனின் அகலமே அரை டிகிரி. கோபுரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவர் பக்கவாட்டில் 70 செ.மீ. நகர்ந்தால் போதும், ஒரு நாள் வித்தியாசம் சரியாகிடும். சுவரின் கனம் மறைக்கும்வரை இப்படி நகர்ந்துகொண்டே போகலாம். ஆக, கேமரா நின்ற இடத்தைச் சொல்லாத படம் தேதிக்குச் சாட்சி ஆகாது.

சாட்சி எப்படி இருக்கணும்? பெங்களூரு கவி கங்காதரேஸ்வரர் கோயிலைப் பாருங்க. மகர சங்கராந்தியன்று வெயில் கருவறைக்குள் விழும் என்று பிரபலம். பி.எஸ். ஷைலஜாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, நவம்பர் இறுதியிலும் அதே ஒளி விழுவதைக் காட்டியது. தாமஸ் டேனியலின் பழைய ஓவியத்தோடு ஒப்பிட்டு, கட்டடம் மாறியிருப்பதையும் விவாதித்தது. ஒரே ஒரு நாள் மட்டும் பார்த்திருந்தால் இது எதுவும் தெரிய வந்திருக்காது.

நம்ம ஜூஜுவாடியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். மொட்டை மாடியில் ஒரு இடத்தைச் சுண்ணாம்பால் குறியுங்க. ஜூன் 21, செப்டம்பர் 23, டிசம்பர் 22 காலையில் அங்கேயே நின்று, ஒரே ஜூமில் சூரிய உதயத்தை எடுங்க. கிழக்கே தெரியும் செல்போன் டவரோ தண்ணித் தொட்டியோ அளவுகோல். இங்கே ஜூனுக்கும் டிசம்பருக்கும் நடுவே உதயப் புள்ளி சுமார் 48 டிகிரி நகரும். ஓசூர்ப் பனிமூட்டம் டிசம்பரில் மறைத்தாலும் கவலை வேண்டாம். ஒரு வாரம் முன்னே பின்னே எடுத்தாலும் சூரியனின் பாதி அகலம்கூட நகர்ந்திருக்காது. செப்டம்பரில் மட்டும் தேதி தவறக் கூடாது.

"ஒரு நாள் மட்டும்" என்பதை எடுத்துவிட்டால் கோபுரத்தின் பெருமை குறையாது. கிழக்கு மேற்கு அச்சை அவ்வளவு நேராகப் பிடித்தவர்களின் திறமை அப்படியேதான் இருக்கு. அந்தத் திறமையைக் காட்ட ஒரு படம் போதாது. ஒரே இடத்திலிருந்து எடுத்த பத்து படங்கள் வேணும்.