‘இப்போதைக்கு’ என்பதன் எல்லை

‘போர் த ரைம் பீயிங்’ என்னும் ஆங்கிலத் தொடர் பார்வைக்கு எளியது. மொழிபெயர்ப்போர்க்கோ இடர் விளைப்பது. மாணவருட் பெரும்பாலோர் அதனைத் ‘தற்காலிகமாக’ எனப் பெயர்த்து அமைகின்றனர். ‘இப்போதைக்கு இதை வைத்துக்கொள்’ என்பது போன்ற பேச்சு வழக்கில் அது பொருந்தும். பின்னர் மாற்றம் வரும் என்னும் குறிப்பு ஆண்டு உண்டு.

சட்டங்களிலும் சங்க யாப்புக்களிலும் வருங்கால் அதன் பொருள் வேறு. ‘கல்லூரி அதிபர் போர் த ரைம் பீயிங் சங்கத்தின் காப்பாளராவார்’ என்னும் விதி, எக்காலத்து எவர் அதிபராயிருப்பினும் அவரையே குறிக்கும். இதனைத் ‘தற்காலிக அதிபர்’ எனப் பெயர்த்தால் நிலையான அதிபரும் பதில் அதிபராகிவிடுவார்! ‘அவ்வக்காலத்து அதிபர்’ என்பதே நேரிது. ‘பீயிங்’ என்பது ஈண்டு ‘உளதாகிய’ எனப் பொருள்படுதலின், ‘உளதாகிய காலத்துக்கு’ என்பதே தொடரின் சொற்பொருள். குறுகிய காலம் என்னும் கருத்து அச்சொற்களில் இல்லை. வழக்கே அதனை ஏற்றியது.

வியக்கத்தக்கது யாதெனில், ‘தாத்காலிக’ என்னும் வடசொல்லும் ‘அக்காலத்துக்குரிய’ என்றே பொருள்பட்டது. தமிழில் ‘தற்காலம்’ நிகழ்காலத்தைச் சுட்டலாயிற்று. ‘தற்காலிகம்’ நிலையின்மையைச் சுட்டலாயிற்று. ஆங்கிலத் தொடர் இன்றும் தாங்கும் இரு பொருளுள் ஒன்றைத் தமிழ்ச்சொல் இழந்துவிட்டது.

எஞ்சிய பொருளேனும் உறுதியாக நிற்கின்றதா? இலங்கையில் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் ‘பயங்கரவாதத் தடுப்பு, தற்காலிக ஏற்பாடுகள்’ என்னும் பெயருடன் 3 ஆண்டுகளுக்கென இயற்றப்பட்டது. 1982இல் அக்கால எல்லை நீக்கப்பட்டது. பெயரிலிருந்த ‘தற்காலிக’ என்னும் அடையோ நீக்கப்படவில்லை.

கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலும் இச்சொல்லின் தன்மையைக் காணலாம். புதிய பாலம் அமையும்வரை மக்களை அக்கரை சேர்த்தது ஓர் இழுவைப் படகு. கிழக்கிலங்கையார் இத்தகையதைப் ‘பாதை’ என்றே வழங்குவர். நிலத்துப் பாதைக்கும் நீர்மேற் படகுக்கும் ஒரே பெயர். ஏடுகளில் அது தற்காலிக ஏற்பாடு. பள்ளி செல்லும் சிறார்க்கோ அன்றாடப் பாதை. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. மாணவர் உள்ளிட்ட 6 பேர் அன்றே உயிரிழந்தனர்.

‘பாலம் முடியும்வரை’ என்னுந் தொடரில் ‘வரை’ உண்டு, நாள் இல்லை. மூலத்தில் நாள் குறிக்கப்படாதவிடத்து அதனைச் சேர்க்க மொழிபெயர்ப்பாளர்க்கு உரிமையில்லை. ‘எந்நாள் வரை?’ என எழுதியோரிடம் வினவும் உரிமை மட்டும் அவர்க்கும் படிப்போர்க்கும் உண்டு.